ஆற்றங்கரைச் சந்தையை ஆற்றங்கரையிலேயே விடுங்கள்

நம் ஊர் நகராண்மைக் கழகத் தலைவர் அவர்களுக்கும், கழக உறுப்பினர்களுக்கும், ஆற்றங்கரைச் சந்தையில் கடை வைத்திருக்கும் அண்ணன், தம்பி, அக்கா, தங்கைகளுக்கும்,

வணக்கம்.

ஊர்ப் பெயரை நான் இதில் எழுதவில்லை. யாரையும் சந்தியில் நிறுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. மலேசியாவில், பேராக் ஆற்றின் கீழ்க்கரையில், சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம், நடுவில் இரண்டு வரிசைக் கடைவீடு, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பள்ளிவாசல், ஒரு சீனக் கோயில் என்று இருக்கும் ஊர் என்றால், படிக்கிற உங்களுக்குப் போதும்.

சந்தை வாசலில் போன மாதம் ஒரு அறிவிப்புப் பலகை வைத்தீர்கள். ஆற்றங்கரைக் கடைகள் எல்லாம் புது ரோட்டுப் பக்கம் கட்டப்போகும் இரண்டு மாடி உணவு வளாகத்துக்கு மாறும், காலியாகும் கரை அழகுபடுத்தப்படும் என்று அதில் இருக்கிறது. பக்கத்தில் வண்ணப் படம். நடைபாதை, வரிசையாக விளக்குக் கம்பம், ஊர்ப் பெயரை ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்தப் படத்தின் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். ஆறு இருக்கிறது. ஒரு சம்பான், அந்தச் சின்னப் படகுகூட இல்லை.

நான் தமிழ்ப்பள்ளியில் 31 ஆண்டு பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள். அதற்கு வெகுகாலம் முன்பே இந்தச் சந்தையில் என் அம்மாவின் தோசைக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாழை இலை துடைத்துக் கொடுத்த பிள்ளை. எங்கள் தோட்டம் ஐந்தாம் கட்டையில், அதாவது ஐந்தாவது மைல் கல்லில். அப்பாவும் அம்மாவும் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவிப் பால் எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் சம்பளம் போட்ட மறுநாளும் அம்மா டவுனுக்குத் தோசை சுடப் போவார். ராத்திரியே ஆட்டுக்கல்லில் மாவாட்டி, அலுமினியக் குண்டானில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, அப்பாவின் சைக்கிள் கேரியரில் வைத்தாகிவிடும். நான் முன்கம்பியில். செம்மண் ரோட்டில் சைக்கிள் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அம்மா பின்னால் நடந்தபடி "மாவு, மாவு" என்பார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார்.

கரைக்கு வந்து சேரும்போது இன்னும் விடிந்திருக்காது. கடல் தண்ணீர் ஆற்றில் ஏறும் நேரம் பார்த்துத்தான் கீழே பாகான் டத்தோ பக்கமிருந்து படகுகள் வரும். ஒரு நாள் நாலரை மணிக்கு, ஒரு நாள் ஆறு மணிக்கு. சந்தையின் நேரத்தைத் தண்ணீர்தான் முடிவு செய்தது. படகில் தேங்காய் வரும், மீன் வரும், ஈரச் சாக்குக்குள் ஆற்று இறால் வரும். நீலக் காலை நீட்டிக்கொண்டு அது சாக்குக்குள்ளே கரகரவென்று நகரும் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஊடாங் காலா என்று மலாய்க்காரர்கள் சொல்வதைத்தான் நாங்களும் சொன்னோம்.

படகுத்துறையிலிருந்து மேலே ஏறி வந்தால் முதலில் மீன் மேடை. அதைத் தாண்டிச் சீனர்களின் காய்கறி. அப்புறம் இடது கைப்பக்கம் ஒரு சீனக் குடும்பத்தின் சீ சியோங் ஃபன் கடை, அரிசிமாவை ஆவியில் வேகவைத்துச் சுருட்டும் பலகாரம். நம் கீழ்ப் பேராக் பக்கத்துக்கே உரிய மாதிரி காய்ந்த இறாலும், பொரித்த சின்ன வெங்காயமும் போட்டு, ஊறவைத்த பச்சை மிளகாயோடு தருவார்கள். அதற்கு எதிரில் மாமாக் ஒருவர், தமிழ் முஸ்லிம் கடைக்காரர், சர்க்கரைவள்ளிக்கிழங்கு கரைத்த கெட்டிக் குழம்பை நூடுல்ஸ் மேல் ஊற்றி மீ ரெபுஸ் போடுவார். வாழை இலையில் சுருட்டிய பூலுட் பாங்காங் என்ற ஒட்டரிசிப் பலகாரத்தை அடுப்புக் கரியில் திருப்பிக்கொண்டே மாக்சிக் ஒருவர், மலாய்க்கார அத்தையை அப்படித்தான் கூப்பிடுவோம். கடைசியில், மழை மரத்தடியில், கீரை, வெற்றிலை, மல்லிகைச் சரம், வடை, தோசை என்று நம் தோட்டத்துப் பெண்கள்.

அம்மா தோசைக்குச் சட்னியோடு நெத்திலிச் சம்பலும் வைப்பார். அந்தச் சம்பல் மாக்சிக் சொல்லிக் கொடுத்தது. பதிலுக்கு மாக்சிக் தன் குழம்புக்குக் கறிவேப்பிலை போட ஆரம்பித்தார், எங்கள் வீட்டு வாசலில் பறித்தது. சீ சியோங் ஃபன்காரர் மகன் தினம் ஒரு தோசை எங்கள் கல்லிலிருந்து வாங்கித் தன் அப்பாவின் கடை மிளகாயைத் தொட்டுத் தின்பான். இப்படித் தோசை தின்பவர்களைத் தமிழ்நாட்டில் பார்க்க முடியாது. இந்தக் கரையில் பக்கத்துப் பக்கத்தில் அடுப்பு எரிந்ததால் வந்த ருசி அது. ஒவ்வொரு கடைக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து, மாடியில் மூன்றாம் எண், ஏழாம் எண் என்று பிரித்துவிட்டால் அந்த ருசி இனி எங்கிருந்து வரும்?

இதை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் மகள் லண்டனில் தாதியாக வேலை செய்கிறாள். பேரன் பிறந்தபோது போய் மூன்று மாதம் இருந்தேன். ஒரு சனிக்கிழமை, "அம்மா, உங்க பசார் மாதிரி இங்கேயும் ஒண்ணு இருக்கு" என்று பரோ மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனாள். தேம்ஸ் ஆற்றின் தென்கரை, லண்டன் பாலத்தை இறங்கியதும். பக்கத்தில் பழைய தேவாலயம். தலைக்கு மேல் ரயில் தடதடக்கிறது, கீழே பச்சை இரும்புத் தூண்களுக்கு நடுவில் கடைகள். தள்ளுவண்டிச் சக்கரம் அளவு பெரிய சீஸ் வட்டுகள், ஐஸ் மேல் படுத்திருக்கும் மீன், சேறு காயாத காளான், பன்றிக்கறித் தொத்திறைச்சியைக் கல்லில் போட்டு வாட்டும் புகை. ஒரு மூலையில் இந்தியக் கடை ஒன்றில் பாசிப்பருப்புத் தோசை. நான் அங்கேயே நின்றுவிட்டேன். கல்லில் மாவை வட்டமாக இழுக்கும்போது வரும் அந்தச் சீறல் எங்கே கேட்டாலும் ஒன்றுதான். மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இரண்டு வாங்கி வந்தாள்.

அப்புறம் அந்தச் சந்தையின் கதையைத் தேடிப் படித்தேன். அதை உங்களுக்குச் சொல்லத்தான் இந்த மடல்.

அவர்கள் 1014ஆம் ஆண்டைத் தங்கள் சந்தையின் தொடக்கமாக வைத்து, 2014இல் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடினார்கள். பாலத்தடியில் சந்தை முளைத்ததற்குக் காரணம் எளிது. 1750இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கும் வரை, லண்டன் நகரின் நடுவே ஆற்றைக் கடக்க அந்த ஒரு பாலம்தான். தெற்கிலிருந்து தானியமும் ஆடுமாடும் காய்கறியும் நகருக்குள் போக வேறு பாலம் கிடையாது. எல்லாச் சாமானும் வந்து நிற்கும் இடத்தில் சந்தை தானாகக் கூடியது. நம் கரையும் அப்படித்தானே? 1893இல் தாப்பா ரோட்டுக்கும் தெலுக் ஆன்சனுக்கும் நடுவே ரயில் வருவதற்கு முன்னால், இந்தப் பக்கத்துக்கு ஆறுதான் ரோடு. தெலுக் ஆன்சன் என்றுதான் அப்போது பெயர், 1982இல்தான் தெலுக் இந்தான் ஆனது. ஈயமும், பின்னாளில் ரப்பரும் கீழே போனதும், அரிசியும் ஆட்களும் மேலே வந்ததும் இந்த ஆற்றில்தான்.

சரி, லண்டன் கதைக்கு வருகிறேன். பெரிய தெருவில் கூடிய அந்தச் சந்தையால் பாலத்துக்குப் போகும் வண்டிகள் நகர முடியவில்லை என்று புகார் வந்தது. 1750களின் நடுவில் நாடாளுமன்றம் சந்தையை மூடச் சட்டம் போட்டது. போக்குவரத்து நெரிசல்! உங்கள் அறிவிப்புப் பலகையிலும் முதல் காரணமாக அதையே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பகுதி மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களுக்குள் 6,000 பவுண்டு திரட்டி, பக்கத்திலேயே முக்கோணம் என்று பெயர் பெற்ற ஒரு துண்டு நிலத்தை வாங்கி, தாங்களே சந்தை நடத்த அதே நாடாளுமன்றத்திடம் உரிமை பெற்று, 1756இல் திறந்தார்கள். அந்த நிலமும் சந்தையும் அந்த வட்டாரத்து அறங்காவலர்கள் கையில் வந்தன. இன்றும் அது ஒரு அறக்கட்டளைதான்.

அவர்களும் சந்தையை இடம் மாற்றினார்கள்தானே என்று நீங்கள் கேட்கலாம். மாற்றினார்கள். ஆனால் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து போகும் தூரத்துக்குத்தான் மாற்றினார்கள். நீங்கள் சொல்லும் புது ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர். படகிலிருந்து இறக்கிய இறாலை அங்கே கொண்டுபோக லோரி வேண்டும், ஐஸ் வேண்டும், நடுவில் ஒரு ஆள் வேண்டும். மோட்டார் சைக்கிள் இல்லாத தோட்டத்துப் பாட்டி ஐந்து கட்டு முருங்கைக்கீரையை விற்க அங்கே எப்படிப் போவார்?

அறங்காவலர் என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு நம் கோயில்தான் ஞாபகம் வந்தது. நம் மாரியம்மன் கோயிலை யார் கட்டினார்கள்? தோட்டத்து ஆட்கள் மாதச் சம்பளத்தில் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி வரி கொடுத்துக் கட்டினார்கள். கூரை ஒழுகினால் யாருக்கும் கடிதம் எழுதிக் காத்திருக்கமாட்டோம். கூட்டம் போடுவோம், சண்டை போடுவோம், திருவிழாவுக்கு முன்னால் ஓடு மாற்றிவிடுவோம். பொதுச் சொத்தை ஊரே சேர்ந்து காப்பது நமக்குப் புதிதில்லை. பள்ளிவாசல்காரர்களுக்கும் சீனக் கோயில் சங்கத்துக்கும்கூட அது தெரியும். சந்தைக்கு மட்டும் ஏன் அப்படி ஒரு குழு இருக்கக்கூடாது என்று இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அறங்காவலர் கையில் இருந்ததால் என்ன நடந்தது என்பதற்கு ஒரு சம்பவம். 1860களில் ரயில் கம்பெனி அந்தச் சந்தைக்கு மேலே பாலம் கட்ட வந்தது. அறங்காவலர்கள் நிலத்தை விற்க முடியாது, சட்டம் அப்படி. அதனால் பாலத்துக்கான வழியை மட்டும் குத்தகைக்குக் கொடுத்தார்கள். ரயில் மேலே ஓடியது, கீழே உருளைக்கிழங்கு வியாபாரம் நடந்தது. இன்றும் அப்படித்தான். சில ஆண்டுகளுக்கு முன் இரண்டாவது பாலம் கட்டியபோதும் சந்தை அங்கேயே இருந்தது. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம் என்பது எனக்கு அங்கே புரிந்தது. நம் கடைக்காரர்களுக்கு இருப்பது வருடா வருடம் புதுப்பிக்கும் ஒரு லைசென்ஸ். அடுத்த வருடம் கடை இருக்குமா என்று தெரியாதவர் நல்ல அடுப்பு வாங்குவாரா? மகனைக் கூப்பிட்டுக் கல்லின் பக்கத்தில் நிற்க வைப்பாரா?

அந்தச் சந்தை எப்போதும் செழிப்பாக இருந்ததும் கிடையாது. 1970களில் சூப்பர்மார்க்கெட்டுகள் பெருகின. 1974இல் நைன் எல்ம்ஸ் என்ற இடத்தில் பெரிய மொத்தச் சந்தை திறந்தது. மொத்த வியாபாரிகள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். பாதிக் கடை இருட்டு. அப்போது இடித்திருந்தால் கேட்க ஆளே இருந்திருக்காது. காலியான இடத்தில் சீஸ் செய்பவர்கள், ஸ்பெயின் நாட்டுச் சாமான் கொண்டுவருபவர்கள் என்று ஒருசிலர் கிடங்கு பிடித்தார்கள். 1998இல் ஒரு வார இறுதியில் சாப்பாட்டுத் திருவிழா ஒன்று நடந்தது. கூட்டம் வந்ததும், மாதம் ஒரு சனிக்கிழமை, அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமை என்று சில்லறை வியாபாரம் பிடித்துக்கொண்டது. 2017 ஜூன் 3ஆம் தேதி ராத்திரி லண்டன் பாலத்திலும் அந்தச் சந்தைத் தெருக்களிலும் நடந்த தாக்குதலில் எட்டுப் பேர் இறந்தார்கள். பதினொரு நாள் சந்தை மூடியிருந்தது. ஜூன் 14ஆம் தேதி மணி அடித்துத் திறந்தார்கள். அந்த மணியைப் பற்றி மகள் சொன்னபோது அவள் குரல் உடைந்தது. அவளுடைய ஆஸ்பத்திரியில் அந்த ராத்திரியைப் பற்றி இன்றும் பேசுகிறார்களாம்.

குறையும் சொல்லிவிடுகிறேன், ஒரு பக்கம் மட்டும் பேசக்கூடாது. சனிக்கிழமை அங்கே நிற்க இடம் இல்லை. முக்கால்வாசிப் பேர் கையில் முள்கரண்டியும் கேமராவும். முள்ளங்கி வாங்க வந்த உள்ளூர்க் கிழவி ஒருத்தி கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு போனாள். சுடச்சுடச் சாப்பிடும் கடைக்குத்தான் வரிசை, காய்கறிக் கடைக்கு இல்லை. நமக்கு அந்த நிலை வேண்டாம்.

நாங்கள் பாலத்தைக் கடந்து அக்கரைக்கும் போனோம். மின்சிங் லேன் என்று ஒரு சந்து. தேயிலையும் ரப்பரும் விலை பேசிய இடம். 1930களில் அங்கே பிளாண்டேஷன் ஹவுஸ் என்று ஒரு பெரிய கட்டடம் கட்டினார்கள். தோட்டக் கம்பெனிகளும் ரப்பர் தரகர்களும் அதற்குள்தான் இருந்தார்கள். இப்போது இடித்துவிட்டார்கள், கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. இருட்டோடு எழுந்து, ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய், குளிர் இருக்கும்போதே கோடு இழுத்து, வாளியில் பால் சேர்த்து, எங்கள் அப்பா அம்மா கொடுத்த பாலுக்கு இந்தச் சந்தில்தான் விலை வைத்திருக்கிறார்கள். நான் அந்தச் சந்தில் ஒரு சுவரைத் தொட்டுப் பார்த்தேன். மகள் படம் எடுக்கவா என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் உழைப்புக்கு விலை வைத்த இடம் போய்விட்டது, இந்தப் பக்கம் சோறு விற்ற இடம் நிற்கிறது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

நம் நாட்டு உதாரணமே வேண்டும் என்றால் கோலாலம்பூர் சென்ட்ரல் மார்க்கெட்டைப் பாருங்கள். கிள்ளான் ஆற்றோரம், 1888இல் மீனும் கறியும் காயும் விற்கத் தொடங்கிய சந்தை. இப்போது நிற்கும் கட்டடம் 1930களில் கட்டியது. 1980களில் இடிக்கப் போனார்கள், பாரம்பரியத்தில் அக்கறை உள்ளவர்கள் போராடித் தடுத்தார்கள். அவர்களுக்கு நன்றி. ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். பாத்தேக் சட்டை, சாவிக்கொத்து, ஓவியம். கட்டடம் பிழைத்தது, மீன்காரர் இல்லை. நான் கேட்பது மீன்காரரை.

சந்தையில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பின்பக்கச் சாக்கடையில் தண்ணீர் நகர்வதே இல்லை. எலி இருக்கிறது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் ஒரு பெண் உள்ளே போனால் இன்னொரு பெண் வெளியே காவல் நிற்கிறாள். பெரிய தண்ணீர் வரும் நாளில் மீன் மேடை வரை ஆறு ஏறிவிடுகிறது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது மழை மரத்தடியில் மட்டும் எங்கள் பெண்கள் ஒன்பது பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். போன வாரம் போனேன், மூன்று பேர். தோட்டத்தில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டதும் ஆட்கள் கிளம்பினார்கள். லயத்து வீடுகள் காலி. பிள்ளைகள் ஷா ஆலம், ஜொகூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும், புதிதாக நான் எழுத ஒன்றும் இல்லை.

ஆனால் சாக்கடை அடைத்தால் சாக்கடையைத்தானே சரி செய்வோம்? இரண்டு மாடி வளாகத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைக் கரையில் போடுங்கள். வடிகாலை அகலப்படுத்துங்கள். மீன் மேடையை இரண்டடி உயர்த்துங்கள். பெண்களுக்குத் தாழ்ப்பாளும் விளக்கும் தண்ணீரும் உள்ள கழிப்பறை கட்டுங்கள். படகுத்துறைப் பலகை இற்றுப்போயிருக்கிறது, மழைக்காலத்துக்கு முன் அதை மாற்றுங்கள், யாராவது விழுவதற்குள். நெரிசல் என்றால் அது காலை ஏழிலிருந்து ஒன்பது வரைதான். அந்த நேரம் மட்டும் முன்தெருவில் கார் விடாமல், பழைய பஸ் நிலையத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னால் முடிந்தது.

லைசென்ஸைப் பத்து வருடத்துக்குக் கொடுங்கள். கடைக்காரர் இறந்தால் குடும்பத்தில் ஒருவர் தொடரலாம், ஆனால் வெளியாளுக்கு வாடகைக்கு விடக்கூடாது என்று எழுதுங்கள். காலையில் கூடையோடு வரும் பாட்டிகளுக்கு லைசென்ஸ் எதுவும் கேட்காமல் மழை மரத்தடியை ஒதுக்கிவிடுங்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. சந்தைக்கு ஒரு அறங்காவல் குழு வேண்டும். நிலம் அரசாங்கத்தினுடையதாகவே இருக்கட்டும், நாங்கள் பட்டா கேட்கவில்லை. ஆனால் அந்தக் கரையை விற்பதோ, மாற்றுவதோ, இடிப்பதோ அந்தக் குழுவின் சம்மதம் இல்லாமல் நடக்கக்கூடாது என்று தீர்மானம் போடுங்கள். கடைக்காரர்கள், மாரியம்மன் கோயில், பள்ளிவாசல், சீனக் கோயில் மூன்றின் ஆட்கள், படகுக்காரர்களில் ஒருவர், தோட்டங்களிலிருந்து இரண்டு பேர், உங்கள் கழகத்திலிருந்து இரண்டு பேர். தோட்டத்து ஆட்களில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். கடை வாடகை அந்தக் குழுவின் கணக்குக்கு வந்து, கரைக்கே செலவாகட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை மீன் மேடைச் சுவரில் ஒட்டுங்கள், மூன்று மொழியிலும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடையில் தின்று வளர்ந்தவள் சொல்கிறேன். போலிஸ்டைரின் பெட்டியை விடுங்கள். பின்னாலேயே வாழை நிற்கிறது. வளர்ப்புக் குளத்து இறாலை ஆற்று இறால் என்று விற்பது நமக்கு அழகில்லை. இரண்டையும் விற்கலாம், எது எது என்று சொல்லி விற்போம். மிச்ச எண்ணெயை ஆற்றில் ஊற்றிக்கொண்டே ஆற்றங்கரை எங்கள் உரிமை என்று நாம் கேட்க முடியாது. அப்புறம், கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வாருங்கள். போன முறை கழகம் கூப்பிட்ட விளக்கக் கூட்டத்துக்கு நம் ஆட்கள் நாலு பேர்தான் போனோம். காலி நாற்காலியைப் பார்த்து அவர்கள் முடிவெடுத்ததில் என்ன ஆச்சரியம்?

நம் மூன்று பள்ளித் தலைமையாசிரியர்களிடமும் நான் பேசிவிட்டேன். நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை மாதம் ஒரு சனிக்கிழமை சந்தைக்குக் கூட்டிவர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நான் கூட நடப்பேன், சம்பளம் வேண்டாம். படகுத்துறையிலிருந்து மழை மரம் வரை முந்நூறு அடி இருக்காது. ஆனால் மீன் பெயரை மூன்று மொழியில் கேட்டு எழுதி, தராசு பார்த்து, மாக்சிக்கிடம் பூலுட் சுருட்டக் கற்று, கடைசியில் தோசை தின்று முடிக்க ஒரு காலை முழுக்க ஆகும். போன மாதம் என் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரை வைத்து ஒருமுறை நடந்து பார்த்தேன். செம்பனைப் பழம் ஆற்றில் போனதா என்று ஒருத்தி கேட்டாள். இல்லை, பால்மரத்து ஷீட்டு போனது என்றேன். பால்மரம் என்றால் என்ன என்று கேட்டாள். ஐந்தாம் கட்டையிலிருந்து வரும் பிள்ளை அவள்.

தலைவர் அவர்களே, உங்கள் முடிவை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் இந்தத் திட்டம் வாக்குக்கு வருவதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு முன்னால் வரும் சனிக்கிழமை, நீங்களும் உறுப்பினர்களும் சந்தைக்கு வந்து பசியாறுங்கள். நாற்காலி போட்டு, மாலை போட்டு வரவேற்கமாட்டோம், மன்னிக்க வேண்டும். பலகை இருக்கும், இலை இருக்கும். அன்றைக்குத் தண்ணீர் ஐந்தேகாலுக்கு ஏறுகிறது என்று படகுக்காரர் சொன்னார். ஐந்து மணிக்கெல்லாம் வந்துவிட்டால் இருட்டில் படகு வருவதைப் பார்க்கலாம். என் அம்மாவின் கல் என்னிடம்தான் இருக்கிறது. மழை மரத்தடியில் அவர் உட்கார்ந்த இடத்தில் அடுப்பு மூட்டி வைத்திருப்பேன். நெத்திலிச் சம்பல் காரமாக இருக்கும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஐந்தாம் கட்டைத் தோட்டத்தில் பிறந்த,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை